தோல் புற்று நோயும் குட்டை ரகப் பன்றிகளும்

கொச்சித் துறைமுகத்தின் வாயிலில் தொடங்கி வடக்கே முனம்பம் வரையில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நாடாவைப் போல் கிடக்கிறது வைப்பின் தீவு. அதன் மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொண்டு வந்து குவித்த மணலாலும் வண்டலாலும் இத்தீவு உருவாயிற்று என்று கூறுவர். இங்கு வாழ்வோரில் பலர் கடலிலும் காயலிலும் மீன் பிடிப்பவர்கள். சிலர் பொக்காளி நெல் விளையும் உவர் நிலங்களில் சேற்றில் இறங்கி உழைப்பவர்கள். காலை முதல் மாலை வரையில் வெயில் அவர்களுடைய முதுகின்மீது நேராக விழுகிறது. நீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் அவர்களை விடுவதில்லை.

சூரிய ஒளியில் அடங்கியுள்ள புற ஊதாக் கதிர்கள் தோல் புற்று நோய்க்கு ஒரு முக்கியமான காரணம் என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட உண்மையாகும். அவ்வாறாயின், இத்தகைய வெப்ப நாட்டுக் கரைகளில் வாழும் மக்களிடையே இந்நோய் மிகுந்திருக்க வேண்டுமல்லவா? நிலைமை இதற்கு நேர்மாறாக உள்ளது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறிய வெண்ணிற மக்களிடம் இந்நோய் மிக அதிகம். இந்தியரிடம் மிகக் குறைவு. நம் தோலுக்குக் கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் என்னும் நிறமி, கதிர்களைத் தன்னுள் ஏற்று, உயிரணுக்களின் உட்கருவைக் குடையைப் போல் காப்பதே இதற்குக் காரணம்.

ஆயினும் இக்குடை முழுமையானதன்று. தோல் புற்று வகைகளுள் மிகக் கொடியதான மெலனோமா எனப்படும் கருநிறப் புற்று நம் மக்களிடம் தோன்றும்போது, பெரும்பாலும் முகத்திலோ முதுகிலோ தோன்றுவதில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் ஆகிய, வெயில் மிகக் குறைவாகப் படும் இடங்களையே அது தேர்ந்தெடுக்கிறது. வெயில் காரணமன்று எனில், அந்தப் புற்று எவ்வாறு தோன்றுகிறது? எவ்வாறு பரவுகிறது? உடல் அதனை எதிர்த்து நிற்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடிய விஞ்ஞானிகளுக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து உதவி கிடைத்தது. வெயிலின் தூண்டுதல் இன்றியே கருநிறப் புற்றுடன் பிறக்கும் ஒருவகைக் குட்டைப் பன்றியே அவ்வுதவி. அதன் வரலாற்றையும், அது நமக்குக் கற்பிப்பதையும், கற்பிக்க இயலாததையும் இக்கட்டுரையில் காண்போம்.

தோலும் அதில் தோன்றும் புற்றுகளும்

நம் தோல் இரண்டு அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது மேல்தோல். அதற்குக் கீழே, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வியர்வைச் சுரப்பிகளும் அடங்கிய தடித்த உள்தோல். மேல்தோலின் அடிவரிசையில் உள்ள உயிரணுக்கள் இடைவிடாது பிரிந்து பெருகி, மேல்நோக்கி நகர்ந்து, தட்டையாகி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் செதிலாக உதிர்ந்துவிடுகின்றன. அந்த அடிவரிசையிலேயே, இடையிடையே, மெலனினை உற்பத்தி செய்யும் நிறமி அணுக்களும் அமர்ந்துள்ளன.

தோலில் தோன்றும் புற்றுகளை முக்கியமாக மூவகையாகப் பிரிக்கலாம். அடிவரிசை அணுக்களில் தோன்றுவது முதல் வகை. செதில் அணுக்களில் தோன்றுவது இரண்டாம் வகை. நிறமி அணுக்களில் தோன்றுவது மெலனோமா. இந்தியரிடம் பெரிதும் காணப்படுவது செதிலணுப் புற்றாகும். அதற்கு வெயில் மட்டுமே காரணமன்று. காஷ்மீர மக்கள் குளிருக்காக அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கணப்புச் சட்டி, வயிற்றிலும் தொடையிலும் ஆண்டுக் கணக்கில் சூடு பட்டுப் புற்றாக முடிவதை டாக்டர் எல்ம்ஸ்லி என்பவர் 1866-ஆம் ஆண்டிலேயே விவரித்தார். இடுப்பில் வேட்டியை இறுகக் கட்டுவதால் ஏற்படும் உராய்வு சிலரிடம் புற்றுக்கு வழிகோலுவதை, பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் வி. ஆர். கானோல்கர் 1945-இல் எடுத்துக்காட்டினார். நாட்டு வழக்கங்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இவ்வாறு நம் நாட்டு ஆராய்ச்சி முன்னரே தெளிவாக்கியுள்ளது.

மெலனோமா எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அபாயத்தில் முதன்மையானது. அது மேல்தோலில் பரவிக் கிடக்கும் வரையில், அறுவைச் சிகிச்சையால் எளிதில் நீக்கிவிடலாம். உள்தோலுக்குள் வேர் விட்டுவிட்டாலோ, நிணநீர்க் கணுக்கள், நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்குச் சென்று குடியேறிவிடும். அமெரிக்க நோய்க்கூற்று நிபுணரான அலெக்சாந்தர் பிரெஸ்லோ, கட்டியின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து, அந்த அளவைக் கொண்டே நோயாளியின் எதிர்காலத்தைப் பெருமளவுக்குக் கணிக்கலாம் என்பதை 1970-இல் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்கும் நான்கு மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு, இங்கு வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாக அமையக்கூடும்.

சுண்டெலியின் குறைபாடுகள்

புற்று நோய் ஆராய்ச்சியில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது சுண்டெலி. அது சிறியது, விரைவில் இனம் பெருக்குவது, வளர்க்கச் செலவும் குறைவு. அதன் பாரம்பரியக் கூறுகளையும் விஞ்ஞானிகள் நன்கு அறிவர். சுண்டெலி இன்றிப் புற்று நோயைப் பற்றிய நம் அறிவு இன்றைய நிலையை எய்தியிராது.

எனினும் தோலைப் பொறுத்தவரையில் சுண்டெலிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அதன் தோல் மிக மெல்லியது. அடர்ந்த மயிரால் மூடப்பட்டது. அடியிலுள்ள தசையோடு ஒட்டாமல் தளர்ந்திருப்பது. உடலின் பெரும் பகுதியில் அதன் நிறமி அணுக்கள் மயிர்க்கால்களுக்குள் ஒதுங்கியுள்ளனவே அன்றி, நமக்குள்ளவாறு மேல்தோலின் அடிவரிசையில் அமர்ந்திருப்பதில்லை. கட்டியின் ஆழத்தை அளந்து பயன்பெற வேண்டுமாயின், அளப்பதற்குத் தோலில் ஆழம் இருக்க வேண்டுமன்றோ? மேலும், சுண்டெலியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். நோய் மறைந்தபின் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் தலைகாட்டுமா என்பதை அதனிடம் கண்டறிய இயலாது.

மனிதத் தோலுக்கு அண்மையில் நிற்பது

வீட்டுப் பிராணிகளுள் தோலின் அமைப்பில் மனிதனை மிகவும் ஒத்திருப்பது பன்றி. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். உண்மை அதனால் மாறிவிடாது. மனிதனைப் போலவே பன்றியின் உடலிலும் மயிர் அடர்த்தியின்றிக் காணப்படுகிறது. அதன் தோல், அடியிலுள்ள கொழுப்புப் படலத்தோடு இறுகப் பிணைந்துள்ளது. மனிதனின் மேல்தோல் 50 முதல் 120 மைக்ரோமீட்டர் வரையில் தடிப்புள்ளது. பன்றியின் மேல்தோல் 30 முதல் 140 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேல்தோல் அணுக்கள் பிறந்து உதிர்வதற்கு ஆகும் காலமும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரு திங்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றியின் நிறமி அணுக்களும் மேல்தோலின் அடிவரிசையில் உள்ளன.

இந்த ஒற்றுமையின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். புண் ஆறுவதற்கான பல்வேறு சிகிச்சைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆய்ந்த ஒரு கட்டுரை 2001-இல் வெளிவந்தது. பன்றியில் கண்ட முடிவுகள் நூற்றுக்கு 78 விழுக்காடு மனிதரில் கண்ட முடிவுகளோடு ஒத்திருந்தன. சிறு பிராணிகளில் கண்ட முடிவுகளோ 53 விழுக்காடே ஒத்திருந்தன என்று அது தெரிவித்தது.

ஒற்றுமையைக் கூறும்போது வேற்றுமையையும் கூறியாக வேண்டும். நம் உடலெங்கும் நீர்த்த வியர்வையைச் சுரந்து உடலைக் குளிர்விக்கும் சுரப்பிகள் பரவியுள்ளன. பன்றிக்கு இவ்வகைச் சுரப்பிகள் மூக்கு முனை முதலிய சில இடங்களைத் தவிரப் பிற இடங்களில் இல்லை. ஆகவேதான் அது வெயிலில் சேற்றையும் நீரையும் நாடுகிறது. சேற்றில் புரள்வது அதன் அழுக்கு விருப்பமன்று. வியர்க்க இயலாத உடலின் தேவை.

குட்டை ரகம் பிறந்த வரலாறு

பண்ணைகளில் வளர்க்கப்படும் சாதாரணப் பன்றி முழு வளர்ச்சி அடையும்போது 200 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளதாகிவிடும். அத்துணைப் பெரிய பிராணியை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பேணுவது எளிதன்று. மருந்தும் ஏராளமாகச் செலவாகும். நெல்லிலும் கோதுமையிலும் சாயாத குட்டை ரகங்களை உருவாக்கியதுபோல, பன்றியிலும் ஒரு குட்டை ரகத்தை உருவாக்க இயலாதா என்று சிலர் சிந்தித்தனர்.

1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்மெல் ஆராய்ச்சி நிலையத்தில் இம்முயற்சி தொடங்கிற்று. இயல்பாகவே உருவில் சிறிய பன்றிகள் பல இடங்களிலிருந்து சேகரிக்கப்பட்டன. அலபாமாவின் கினிப் பன்றி, கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள காட்டலினாத் தீவில் திரிந்த காட்டுப் பன்றி, லூயிசியானாவின் பைன் காட்டுப் பன்றி, பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவின் ராஸ்-என்-லான்சா என்னும் பன்றி ஆகியவை கலப்பு முறையில் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையிலும் சிறியவற்றையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் பயனாக, சாதாரணப் பன்றியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள குட்டை ரகம் தோன்றிற்று.

இந்த மின்னசோட்டா ரகத்தையும் வியட்நாம் நாட்டுத் தொந்திப் பன்றியையும் ஜெர்மன் லாண்ட்ரேஸ் இனத்தையும் இணைத்து, ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தார் 1960-களில் இன்னும் சிறிய ரகம் ஒன்றை உருவாக்கினர். அது வளர்ந்த நிலையிலும் சுமார் 40 கிலோகிராம் எடையே உள்ளது. தோலில் பூசும் மருந்துகளின் தீங்கை ஆராய்வதற்கு இன்று பல நாடுகளிலும் பயன்படுகிறது. குட்டைப் பன்றி என்பது வளராத பன்றிக் குட்டி அன்று என்பதையும், உருவில் சிறியதாயினும் உறுப்புகள் யாவும் முதிர்ச்சி பெற்ற பிராணி என்பதையும் வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக.

நம் நாட்டிலும் சிறிய நாட்டுப் பன்றிகள் இல்லாமலில்லை. மிசோரத்தில் சோவாக் என்னும் சிறு பன்றி இனம் உண்டு. வைப்பினுக்கு அருகே, எறணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த அங்கமாலியின் பெயரால் வழங்கும் பன்றியும் உருவில் சிறியது, பெரும்பாலும் கறுத்தது. ஆயினும் சிறியதாகவும் கறுப்பாகவும் இருப்பது மட்டும் புற்றைத் தருவதில்லை. இனி நாம் காணப்போகும் நோய், சில குறிப்பிட்ட வமிசங்களில் மட்டுமே பரம்பரையாக வருவது.

புற்றோடு பிறந்த குட்டிகள்

ஹார்மெல் மந்தையிலிருந்து சில பன்றிகள் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் சின்க்ளேர் ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1960-களின் பிற்பகுதியில் அங்கு ஒரு விசித்திரம் கவனத்துக்கு வந்தது. சில குட்டிகள் பிறக்கும்போதே உடலில் கறுத்த கட்டிகளுடன் பிறந்தன. நுண்ணோக்கியின் மூலம் பார்த்தபோது, அவை மனிதரிடம் காணும் மெலனோமாவையே ஒத்திருந்தன. மனிதரிடம் நிகழ்வதைப் போலவே, அக்கட்டிகள் நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவின. மெலனோமா ஆராய்ச்சிக்கு இது ஒரு புதிய மாதிரிப் பிராணி என்று 1974-இல் மில்லிகனும் அவருடைய சகாக்களும் விஞ்ஞான உலகுக்கு அறிவித்தனர்.

இந்நோய் யாரும் ஊசி போட்டோ, இரசாயனம் பூசியோ, கதிர்களைப் பாய்ச்சியோ உண்டாக்கியதன்று, தானாகவே தோன்றியது. தாய், தந்தை ஆகிய இரு பன்றிகளுக்கும் புற்று இருந்தால், பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை பிறப்பிலேயே கட்டியுடன் காணப்பட்டன. ஓராண்டு நிறைவதற்குள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் கட்டி தோன்றிவிட்டது. ஒரு ஜீன் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க இயலாது என்றும், உடலின் தற்காப்புச் சக்தியை ஆளும் ஜீன் தொகுதியோடு இதற்குத் தொடர்பு உண்டு என்றும் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின.

ஐரோப்பாவிலும் இத்தகைய வமிசம் ஒன்று உண்டு. செக் நாட்டில், பிராகா நகருக்கு வடக்கே, எல்பே நதிக்கரையில் லிபெகோவ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பிராணி உடலியல் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் குட்டைப் பன்றிகளிலும் பரம்பரை மெலனோமா காணப்படுகிறது. பிறந்தபோதோ, பிறந்து சில வாரங்களுக்குள்ளோ கறுத்த கட்டிகள் எழும்புகின்றன. கறுப்பு நிறக் குட்டிகளையே இந்நோய் பெரிதும் நாடுகிறது. பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இவ்வமிசத்தைப் பெற்று வளர்த்து, நோய்க்குக் காரணமான ஜீன்கள் எந்தெந்தக் குரோமசோம்களில் உள்ளன என்று தேடியுள்ளனர். 2012-ஆம் ஆண்டில் பன்றியின் முழு ஜீன் வரிசையும் வெளியிடப்பட்ட பின்னர் இத்தேடல் எளிதாயிற்று.

கரைந்து போகும் புற்று

இதுவரை கூறியது பாதிக் கதையே. மறுபாதிதான் விஞ்ஞானிகளை வியப்பில் ஆழ்த்தியது. புற்றுடன் பிறந்த குட்டிகளில் சில இறந்துபோகின்றன. ஆனால் பெரும்பாலானவை இறப்பதில்லை. சில மாதங்களில் அவற்றின் கட்டிகள் எவ்விதச் சிகிச்சையும் இன்றித் தாமே சுருங்கி, சாம்பல் நிறமடைந்து, மறைந்துவிடுகின்றன. உட்புற உறுப்புகளுக்குப் பரவிய கட்டிகளும் கரைந்துவிடுவதுண்டு. அப்பன்றிகள் பின்னர் வளர்ந்து, குட்டிகளையும் ஈன்று, பல ஆண்டுகள் வாழ்கின்றன.

மனிதரிடம் மெலனோமா ஓரளவு சுருங்குவதை மருத்துவர்கள் அவ்வப்போது காண்கின்றனர். பரவிய புற்று முழுவதும் தானே மறைவதோ மிக மிக அரிது. பன்றியில் அந்த அரிய நிகழ்ச்சி அன்றாட நிகழ்ச்சியாக உள்ளது. எனவே, அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை வாரந்தோறும் கட்டியில் ஒரு சிறு துணுக்கை எடுத்துப் பார்த்து ஆராய்வதற்கு வாய்ப்புக் கிட்டிற்று.

இதில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதற் கட்டத்தில், உடலின் துப்புரவுப் பணியாளர் எனத்தக்க பெருவிழுங்கி அணுக்கள் கட்டிக்குள் திரளாகப் புகுந்து, நிறமியையும் சிதைந்த அணுக்களையும் விழுங்குகின்றன. இரண்டாம் கட்டத்தில், லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் வந்து சேர்ந்து, எஞ்சியுள்ள புற்றணுக்களைக் குறிபார்த்து அழிக்கின்றன. முன்னவை பொதுப் படை. பின்னவை எதிரியின் முகத்தை அடையாளம் கண்டுகொண்ட தனிப் படை எனலாம்.

அடுத்து நிகழ்வது கவனிக்கத்தக்கது. கட்டி மறைந்த இடத்தைச் சுற்றிலும், சில சமயம் உடலெங்கும், கறுத்த பன்றியின் தோல் வெளுக்கத் தொடங்குகிறது. மயிர் நரைக்கிறது. கண்ணின் கருவிழிகூட நிறம் மங்குகிறது. காரணம் எளிது: புற்றணுவும் நிறமி அணுவே. அதை அழிக்கப் பயிற்சி பெற்ற லிம்போசைட்டுகள், அதே அடையாளங்களைத் தாங்கிய நல்ல நிறமி அணுக்களையும் பகையெனக் கருதி அழித்துவிடுகின்றன. போர் வெற்றியில் முடிந்தது என்பதற்கு அந்த வெண்மை ஓர் அடையாளம்.

இதே நிகழ்ச்சி மனிதரிடமும் காணப்படுகிறது. தற்காப்புச் சக்தியை அடக்கி வைக்கும் தடைகளை நீக்கினால் அது புற்றைத் தாக்கும் என்பதைக் கண்டறிந்தமைக்காக ஜேம்ஸ் அல்லிசன், தசுகு ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இம்முறையைப் பின்பற்றி மெலனோமாவுக்குச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்குத் தோலில் வெண்புள்ளிகள் தோன்றின. அவ்வாறு தோன்றியவர்கள், தோன்றாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்வதும் கண்டறியப்பட்டது.

நம் சமூகத்தில் வெண்புள்ளி என்றாலே அஞ்சுவோர் பலர். அதைத் தொழுநோயோடு குழப்பிக்கொண்டு, திருமண உறவுகளை முறிப்பவர்களும் உண்டு. சாதாரணமாக மக்களிடம் காணப்படும் வெண்புள்ளி புற்று நோயோடு தொடர்புடையதன்று, தொற்றுவதும் அன்று, உயிருக்கு ஊறு செய்வதும் அன்று. உடலின் தற்காப்பு அணுக்கள் நிறமி அணுக்களைத் தாக்குவதன் விளைவே அது. அதே தாக்குதல் ஒரு மெலனோமா நோயாளியின் உடலில் நிகழும்போது, அவருக்கு நம்பிக்கை ஊட்டும் நற்குறியாகிவிடுகிறது. இழிவெனக் கருதப்பட்ட ஒன்றை மருத்துவன் மகிழ்ச்சியோடு நோக்கும் நிலை வந்துள்ளது. இந்த உண்மையின் உட்பொருளைத் தெளிவாகக் காட்டியவற்றுள் சின்க்ளேர், லிபெகோவ் பன்றிகளும் அடங்கும்.

‘மாதிரி’ என்னும் சொல்லின் எல்லை

இத்தகைய பிராணிகளை விஞ்ஞானிகள் ‘மாதிரிப் பிராணி’ என்று குறிப்பிடுகின்றனர். தமிழில் ‘மாதிரி’ என்னும் சொல் பொருத்தமாகவே அமைந்துள்ளது. ‘அவன் அண்ணன் மாதிரி இருக்கிறான்’ என்றால், அவனும் அண்ணனும் ஒருவரே என்பது பொருளன்று. ஒத்திருக்கிறான், ஆனால் வேறானவன் என்பதே பொருள். இச்சொல்லில் அடங்கியுள்ள எச்சரிக்கையை மறத்தல் ஆகாது.

பன்றியின் மெலனோமா பிறப்பிலோ இளமையிலோ தோன்றுவது. மனிதனுடையது பெரும்பாலும் நடுவயதிலும் முதுமையிலும் தோன்றுவது. பன்றியின் நோய் பரம்பரையாக வருவது. மனிதரில் பரம்பரையாக வருவது ஒரு சிறு பகுதியே. வெண்ணிற மக்களின் மெலனோமாவில் புற ஊதாக் கதிர்களின் வடு ஜீன்களில் ஆழப் பதிந்துள்ளது. பன்றியின் கட்டியோ தாயின் கருப்பையிலேயே தோன்றிவிடக்கூடியது. எனவே, வெயில் எவ்வாறு புற்றை உண்டாக்குகிறது என்ற வினாவுக்கு இப்பன்றிகளிடம் விடை தேடுவது பயனற்றது. மேலும், பன்றியின் இரத்தத்தில் மனிதரிடம் மிக அரிதாகவே உள்ள சிலவகை லிம்போசைட்டுகள் மிகுதியாக உள்ளன. புற்றைக் கரைப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு எனில், பன்றியின் வெற்றியை மனிதனிடம் அப்படியே எதிர்பார்ப்பது தவறாகும்.

லிபெகோவ் விஞ்ஞானிகள் செய்த ஒரு சோதனை இந்த எச்சரிக்கையை நன்கு விளக்குகிறது. அவர்கள் ஒரு கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை முடிச்சிட்டு அடைத்து, கட்டியை வெட்டி அகற்றாமல் உடலிலேயே விட்டனர். இரத்தம் இன்றி மடியும் அக்கட்டி, உடலின் தற்காப்பு அணுக்களுக்குப் பாடம் புகட்டும் என்பது அவர்களுடைய கருத்து. பன்றிகள் குணமடைந்தன என்று 1999-இல் அவர்கள் அறிவித்தனர். எனினும், பெரும்பாலும் தானே மறையும் இயல்புடைய ஒரு புற்றில், எவ்வளவு சிகிச்சையின் பயன், எவ்வளவு இயற்கையின் பயன் என்று பிரித்தறிவது எளிய செயலன்று. மாதிரிப் பிராணியின் சிறந்த பண்பே ஆராய்ச்சியாளனை ஏமாற்றும் பண்பாகவும் மாறக்கூடும்.

உள்ளங்காலில் தோன்றும் நம் நாட்டு மெலனோமாவோடு ஒப்பிட்டால் என்ன? அதிலும் புற ஊதாக் கதிர்களின் வடு அரிதாகவே காணப்படுகிறது. வெயில் இன்றித் தோன்றும் புற்று என்ற அளவில் பன்றியின் நோய் அதற்கு ஒரு படி அண்மையில் உள்ளது. ஆனால் பன்றியின் கட்டிகள் பெரும்பாலும் உடலின் மேற்பரப்பில் தோன்றுவன. தடித்த உள்ளங்கால் தோலில் தோன்றுவன அல்ல. ஆகவே, உள்ளங்கால் புற்று எவ்வாறு தொடங்குகிறது என்பதைப் பன்றி நமக்குக் கூறாது. தொடங்கிய புற்றை உடல் எவ்வாறு அடையாளம் கண்டு அழிக்கக்கூடும் என்பதை மட்டுமே அது கற்பிக்கும். அந்தப் பாடமே பெரிது.

பிராணிகளின்பால் நம் கடமை

நோயோடு பிறக்கும் என்று தெரிந்தே ஒரு பிராணியைப் பிறப்பிப்பது நியாயமா என்ற வினா சிந்திப்போர் உள்ளத்தில் எழாமல் இராது. எழுவது முறையே. 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ரஸ்ஸல், பர்ச் ஆகிய இருவர், பிராணிகளைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கு மூன்று நெறிகளை வகுத்தனர். இயன்ற இடத்தில் பிராணிக்குப் பதிலாக வேறு முறையைக் கைக்கொள்ளுதல். இயலாதவிடத்து எண்ணிக்கையைக் குறைத்தல். வேதனை இயன்ற அளவு குறையுமாறு முறையைச் செம்மைப்படுத்துதல் என்பன அவை.

நம் நாட்டில், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் எடுத்துக்கொண்ட முயற்சியை அடுத்து, 1960-ஆம் ஆண்டில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைவதற்கு அச்சட்டம் வகை செய்கிறது. சிறு பிராணிகளைக் கொண்டு அதே முடிவைப் பெற முடியுமாயின், பெரிய பிராணிகளைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கருத்துகளுள் ஒன்று. எனவே, சுண்டெலியால் விடை காண இயலாத வினாவுக்கு மட்டுமே பன்றியை நாடலாம். அது மனிதனை ஒத்திருக்கிறது என்பதே அதைப் பயன்படுத்துவதற்குக் காரணம்; அது மனிதனை ஒத்திருக்கிறது என்பதே, அதன் வேதனையையும் நாம் மறக்கலாகாது என்பதற்குக் காரணம்.

கரையில் உள்ளவர்க்கு

மீண்டும் வைப்பின் கரைக்கு வருவோம். மணலிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடப்பவரின் உள்ளங்காலில் முள்ளும் சிப்பியும் தைப்பது அன்றாட நிகழ்ச்சி. அங்கு ஒரு கரும்புள்ளி தோன்றினால், முள் தைத்த தழும்பு என்றோ, கால் ஆணி என்றோ எண்ணி விட்டுவிடுவதே இயல்பு. சிலர் கத்தியால் தாமே சீவிவிடுவதும் உண்டு. இவ்வாறு கழியும் மாதங்களில்தான் ஒரு மில்லிமீட்டர் நான்கு மில்லிமீட்டராகிறது.

உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ உள்ள கரும்புள்ளி பெரிதாகி வந்தால், அதன் ஓரம் ஒழுங்கற்றிருந்தால், அதில் ஒரே நிறமின்றிப் பல நிறங்கள் காணப்பட்டால், இரத்தம் கசிந்தால், ஆறாத புண்ணாக நின்றால், அல்லது நகத்தின் கீழ் ஒரு கறுத்த கோடு அகன்றுகொண்டே வந்தால், காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவற்றுள் பல தீங்கற்றவையாகவே இருக்கும். தீங்கானது ஒன்று இருப்பின், தொடக்கத்திலேயே அதை நீக்கிவிடலாம். வாரத்தில் ஒரு நாள், கால் கழுவும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

முன்னாளில் வைப்பினிலிருந்து எறணாகுளத்து மருத்துவமனைகளுக்குச் செல்லப் படகுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பின்னர் அந்தத் தடை நீங்கிற்று. எஞ்சியிருப்பது அலட்சியம் என்னும் தடையே. லிபெகோவில் பிறக்கும் கறுத்த குட்டியின் புற்று தானே கரைந்து போகலாம். நம் காலில் தோன்றும் புற்று அவ்வாறு கரையும் என்று காத்திருத்தல் கூடாது. அந்தக் குட்டியின் உடல் அறிந்துள்ள இரகசியத்தை மனித உடலுக்கும் முழுமையாகக் கற்பிக்க விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். அதுவரையில், காலத்தில் கண்டறிதலே நம் கையிலுள்ள சிறந்த மருந்தாகும்.